பெரட்டுக்கு வராமல் மலைக்குப் போனவள்

முதலில் ஒரு கேள்வி. அந்த கேமை விளையாடும்போது சத்தத்தை வைத்திருந்தீர்களா?

கோபப்படாதீர்கள். கேம் விமர்சனப் பக்கத்தை இப்போது நடத்துகிற நீங்கள் நால்வரும் எழுதியவற்றை எனக்கு அனுப்பி, "அக்கா, ஒரு பார்வை பாருங்க" என்று கேட்டீர்கள். பார்த்தேன். ஷாமினி ஒரு சின்ன கேமுக்குப் பத்துக்கு இரண்டு புள்ளி போட்டு, "இதை விளையாடுவதைவிடச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்" என்று எழுதியிருக்கிறாள். வாசித்துவிட்டு நானே சிரித்தேன். நல்ல வரி. அந்த மாதிரி வரிகளைப் பதினாறு வருஷம் நானும் எழுதியிருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கூத்து. பதுளையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழா, மண்சரிவு, பஸ் பாதை மூடல், இதுதான் என் உலகம். ஒருநாள் ஆசிரியர் கொழும்பிலிருந்து போன் எடுத்து, "கம்ப்யூட்டர் பக்கம் ஒன்று தொடங்குகிறோம், கேம் பற்றி எழுத ஆளில்லை, உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்றார். எனக்குத் தெரிந்தது தமிழில் டைப் அடிக்க மட்டும். சரி சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். முதல் கேமில் குதிக்கிற பொத்தானைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போனது. பிறகு பிடித்துப்போய்விட்டது. சும்மா சொல்லக்கூடாது, சோறு தண்ணீர் மறக்கிற அளவுக்குப் பிடித்துப்போனது.

பேர் வாங்கியது எதனால் என்றால், வாய்த் துடுக்கால். பாராட்டி எழுதினால் ஒருத்தரும் கடிதம் போடமாட்டார்கள். கிழித்து எழுதினால் அடுத்த வாரம் கடிதம் குவியும். "பத்மாவதி அக்கா இந்த வாரம் யாரைப் பிடித்தார்?" என்று பதுளை பஸ் நிலையத்தில் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோகும். ஒரு உண்மையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகளின் கேம் பாதியில் நின்றுபோனால், "அடுத்த வாரம் சரிசெய்துவிடுவார்கள்" என்று எழுதுவேன். ஒற்றை ஆள் செய்த கேம் ஒரு விநாடி தடுமாறினால், "இதை வெளியிட எப்படி மனம் வந்தது?" என்று எழுதுவேன். இப்படிச் செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. வாரம் நாலு கேம், வியாழக்கிழமை மாலைக்குள் பக்கம் முடியவேண்டும். பெரியதற்கு இரண்டு நாள் போய்விடும், சின்னதற்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். நீங்களும் அப்படித்தான் ஓடுகிறீர்கள் என்று தெரியும். உங்களைத் திட்ட வரவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் போனில் விளையாடுகிற கேம் ஒன்று வந்தது. பெயர் 'பெரட்டு'. தோட்டத்தில் காலையில் எல்லாரும் ஓரிடத்தில் கூடி நிற்க, இன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று மேற்பார்வை பார்க்கிற கங்காணி பேர் கூப்பிட்டுப் பிரித்துவிடுவாரே, அந்தப் பெரட்டு. செய்தவள் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிற யோகேஸ்வரி என்ற பெண். நீங்கள் ராசாத்தி என்ற கொழுந்து பறிக்கிறவளாக ஒரு முழுநாள் வேலைக்குப் போகவேண்டும், அதுதான் கேம்.

வியாழக்கிழமை மத்தியானம் திறந்தேன். சத்தத்தை நிறுத்தினேன். சின்ன கேம் என்றால் ஒரே பாட்டு சுற்றிச் சுற்றி வந்து தலைவலி கொடுக்கும் என்பது என் எண்ணம், வழக்கமே அதுதான். திரை முழுக்கப் பனி. ஆட்கள் நிழல் மாதிரி நிற்கிறார்கள். ராசாத்தியை நகர்த்த முடியவில்லை, ஓடவைக்க முடியவில்லை, தாண்டிப் போகவும் வழியில்லை. போனை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்ப் பருப்பை அடுப்பில் ஏற்றினேன். திரும்பி வந்தபோது பனி விலகி ராசாத்தி நடக்கத் தயாராக இருந்தாள். கிட்ட இருந்த மலைக்கு அவளைக் கூட்டிப்போய் மளமளவென்று பறித்தேன். எங்கிருந்தோ குளவி வந்து கொட்டிக் கேம் முடிந்தது. மறுபடி தொடங்கினேன், மறுபடி ஏழு நிமிஷம் பனி. இந்த முறை குளவிக்குத் தப்பி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கொண்டுபோனால் அங்கே வாங்க மாட்டேன் என்கிறார்கள். மூன்றாம் முறையும் அப்படியே.

எழுதினேன். "இந்த கேம் உங்களை ஏழு நிமிஷம் பனியில் நிற்கவைக்கிறது. அந்த நேரத்தில் நான் ஒரு பருப்புக் கறி வைத்துவிட்டேன். கறி நன்றாக இருந்தது." குளவி எச்சரிக்கையே இல்லாமல் வருவது அநியாயம் என்றும், மடுவத்தில் கொழுந்தை ஏற்க மறுப்பது கோளாறு என்றும் எழுதினேன். அதோடு விட்டேனா? "நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். பெரட்டில் யாரும் இப்படி மரம் மாதிரி நிற்பதில்லை" என்று ஒரு போடு போட்டேன். பத்துக்கு மூன்று.

தோட்டத்தில் பிறந்தது உண்மை. தெமோதரைப் பக்கத்தில் என் அப்பா தோட்டத்துக் கந்தோரில், அதாவது ஆபீஸில், கிளாக்கர். எங்கள் குவாட்டர்ஸ் பெரட்டுக்களத்துக்கு மேலேதான் இருந்தது. காலையில் கீழே பேர் கூப்பிடுகிற சத்தம் கேட்டால் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு தூங்குவேன். ஒருநாள்கூடக் கீழே இறங்கிப்போய் நின்றதில்லை. நிற்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

ஞாயிறு பத்திரிகை வந்தது. பருப்புக் கறி வரியை எத்தனையோ பேர் படமெடுத்துப் பகிர்ந்தார்கள். திங்கட்கிழமை காலை ஒரு போன்.

"வணக்கம் மேடம். நான் யோகேஸ்வரி பேசுறேங்க. பெரட்டு கேம் செஞ்சது நான்தாங்க."

சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நானும் வரிந்துகட்டிக்கொண்டேன். அத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். இவளோ மெதுவாக, "ஒரே ஒரு சந்தேகங்க. நீங்க எந்த மலைக்குப் போனீங்க?" என்று கேட்டாள்.

"எந்த மலைன்னா? கிட்ட இருந்த மலைக்குத்தான்."

"பெரட்டுல கங்காணி ராசாத்திக்கு ஏழாம் நம்பர்னு கூப்புடுவாங்களே. அது வெளங்கலையாங்க? சத்தம் ஒழுங்கா கேட்டுச்சா?"

கூப்பிடுகிறார்களா? அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இவ்வளவு காலம் ஊரையே பிடித்தவள், ஒரு சின்னப் பெண்ணிடம் போய் எப்படிச் சொல்வது? "கேட்டேனே. எல்லாம் கேட்டுச்சு" என்றேன்.

"அப்ப என் தப்புதாங்க" என்றாள். "கேட்டும் உங்களுக்கே வெளங்கலைன்னா நான் ஒழுங்கா செய்யலைன்னுதானே அர்த்தம். கேம இன்னைக்கே எடுத்துர்றேங்க. அப்பா பொங்கல் வரைக்கும்தான் பாப்பேன்னாங்க. அதுவும் தாண்டிருச்சு. ஞாயித்துக்கெழம பேப்பரப் பாத்துட்டு, பத்திரிகையே சொல்லிருச்சுன்னுட்டாங்க. சனிக்கெழம கொழும்புக்குப் போறேன், துணிக்கடையில வேலைக்கு. லேப்டாப்பும் மாமாவோடது, திருப்பிக் குடுக்கணும். நேரம் எடுத்து வெளையாண்டதுக்கு நன்றிங்க மேடம்."

வைத்துவிட்டாள். நன்றியாம்! அதைவிட நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கேம் இன்னும் என் போனில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. சத்தத்தை முழுதாக வைத்துத் திறந்தேன்.

அதே பனி. ஆனால் பனிக்குள்ளே ஆட்கள் இருந்தார்கள். ஒருத்தி இருமினாள். ஒருத்தி தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல, இன்னொருத்தி கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னாள். "மூணாம் நம்பர் மலப் பக்கம் போயிறாதீங்கடி, வாகை மரத்துல குளவி கூடு கட்டியிருக்கு" என்று ஒரு குரல் சொன்னது. கிட்ட இருந்த மலை எதுவென்று நினைக்கிறீர்கள்? மூன்றாம் நம்பர்தான். அதற்குப் பிறகு ஒரு ஆம்பிளைக் குரல், இழுத்து, ஓங்கி, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டது. "காந்திமதி, அஞ்சாம் நம்பர். செல்லம்மா, அஞ்சாம் நம்பர். ராசாத்தீ... ஏழாம் நம்பர் மல." ஏழு நிமிஷம் போனதே தெரியவில்லை. ஏழாம் நம்பருக்குப் போனேன். மடுவத்தில் கொழுந்தை வாங்கினார்கள். மத்தியானம் அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளையின் அம்மா கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓட, அவள் வரிசையையும் சேர்த்துப் பறிப்பதா வேண்டாமா என்று நான்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. காலையில் அவள் பேசியதைக் கேட்டிருந்ததால் எனக்கு மனசு கேட்கவில்லை. பறித்துக் கொடுத்தேன். முடித்து நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியிருந்தது.

அது குறையில்லாத கேம் என்று சொல்லமாட்டேன். மழை வருகிற இடம் படு மோசம். கடைசிப் பகுதி அவசரத்தில் முடித்தது மாதிரி இருந்தது. ஆனால் நான் கோளாறு என்று எழுதிய மூன்றும் கோளாறு இல்லை, மூன்றும் நான்.

யோகேஸ்வரிக்குப் போன் எடுத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. செவ்வாய் முழுக்க முயன்றேன், அந்தப் பக்கத்து மலைகளில் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. போனில் கேம் இறக்குகிற கடையில் தேடிப் பார்த்தேன், அங்கே அது இல்லை. சொன்னபடியே எடுத்துவிட்டாள்.

ஆசிரியருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் பக்கம் என்றால் பக்கம்தான். "புள்ளியை மாத்தினா நாளைக்கு எல்லாரும் வரிசையில நிப்பாங்க. மூலையில ரெண்டு வரி, தொழில்நுட்பத் தவறுன்னு போட்டுருவோம்" என்றார்.

"தொழில்நுட்பம் ஒரு தப்பும் செய்யலை சார். நான் செஞ்சேன்."

"அதைப் போட்டா உங்க மானம் என்னத்துக்காகும்? ஓய்வு பெறப்போற நேரத்துல தேவையா?"

வியாழக்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நீங்கள் நினைப்பது போல அப்போதே துணிந்துவிடவில்லை. அந்த இரண்டு வரி யோசனை எனக்கும் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ஊருக்கெல்லாம் எதற்கு என்று மனசு நியாயம் பேசியது. அந்த நியாயத்தோடுதான் புதன்கிழமை காலை பஸ் ஏறினேன். பண்டாரவளையில் மாறி, ஹப்புத்தளை தாண்டி, ஹல்துமுல்லையில் இறங்கி, விசாரித்து விசாரித்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு நடந்தேன். முழங்கால் இரண்டும் என்னைச் சபித்தன.

வாசலில் யோகேஸ்வரியின் அப்பா இருந்தார். இன்னும் வேலையில் இருக்கிற கங்காணி, அன்று காலை வேலை முடித்து வந்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா, வாங்க, உக்காருங்க. புள்ள, அம்மாவுக்குப் பிளேன்டீ ஊத்து" என்றார். உள்ளே கட்டிலில் ஒரு பயணப்பை திறந்திருந்தது, பாதி உடுப்பு அடுக்கியிருந்தது. யோகேஸ்வரி தேத்தண்ணீரைக் கையில் தந்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பத்திரிகைத் துண்டை எடுத்தார். என் விமர்சனம்.

"நீங்க எழுதினது சரிதாங்கம்மா. படிச்சவங்க பாத்து நல்லா இல்லைன்னு சொன்னா நாம என்னா செய்ய? இந்தப் புள்ளையும் ரெண்டு வருசமா கண்ணு முழிச்சதுதான் மிச்சம்." துண்டை மடித்தார், திரும்ப விரித்தார். "ஒண்ணு மட்டும் கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"என் கொரல் எப்புடிங்க இருந்துச்சு?"

எந்தக் குரல் என்று நான் நிமிர்ந்து பார்க்க, அவரே வெட்கத்தோடு தொடர்ந்தார். "பெரட்டுல கூப்புடுறது நான்தாங்கம்மா. முப்பது வருசமா கூப்புடுற கொரல்தான், ஆனா போன்ல புடிக்கையில கூச்சமாப் போச்சு. தேயிலைக்குள்ள போயி ஒத்தையில நின்னுகிட்டுக் கூப்புட்டேன். எட்டுத் தரம் கூப்புட வச்சிருச்சு இந்தக் கழுத. ஞாயித்துக்கெழம ஹப்புத்தளைக்குப் போயி பேப்பர் வாங்கினேன், நம்ம கொரலப் பத்தி ஒரு வரி இருக்குமான்னு. தேடித் தேடிப் பாத்தேன். நல்லா இல்லைன்னாவது எழுதியிருக்கலாம்ல?"

தேத்தண்ணீர் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எழுதினப்ப நான் கேக்கவே இல்லைங்க" என்றேன். "சத்தத்தை நிப்பாட்டிட்டு வெளையாண்டேன். நீங்க கூப்புட்ட நேரம் நான் குசினியில பருப்பு வச்சிட்டு இருந்தேன்."

யோகேஸ்வரி கதவை விட்டு முன்னால் வந்தாள். "போன்ல கேட்டேன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

பக்கத்து வீட்டுக் காம்பராவில் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. திட்டட்டும், வெளியே போகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கங்காணி கோபப்படவே இல்லை. புதிதாக வேலைக்கு வந்தவளுக்குச் சட்டம் சொல்வதுபோலச் சொன்னார்.

"பெரட்டுக்கு வராம நேரா மலைக்குப் போனா, எம்புட்டுக் கொழுந்து எடுத்தாலும் அன்னைக்குச் சம்பளத்துக்குப் பேர் போட மாட்டோம்மா. அரைப் பேருகூடக் கெடையாது."

பிறகு மகள் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தப் பேப்பர்ல வந்தது செல்லாது புள்ள. நீ கேமத் திரும்பப் போடு. கொழும்புக் கதைய பொறவு பாப்போம்."

நான் புது விமர்சனம் எழுதுகிறேன் என்றதும் யோகேஸ்வரியின் முகம் இறுகியது. "பாவம் பாத்து மார்க் போடுறதா இருந்தா எழுதாதீங்க மேடம். மழை வார எடம் நல்லா இல்லைன்னு எனக்கே தெரியும். அத எழுதுங்க. நீங்க கேட்டுட்டு எழுதுங்க, அது போதும்."

அப்போதுதான் இன்னொன்றைச் சொன்னேன். "காது கேக்காத ஒருத்தர் வெளையாண்டா எந்த மலைன்னு எப்புடித் தெரிஞ்சுக்குவாங்க? கீழ எழுத்துல ஒண்ணும் வரலையே." அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "அத நான் நெனைக்கவே இல்லைங்க" என்று சொல்லி உள்ளே ஓடி ஒரு கொப்பியில் குறித்தாள். என் விமர்சன வாழ்க்கையில் உருப்படியாக ஒரு குறை சொன்னேன் என்றால் அதுதான்.

பஸ் நிலையத்திலிருந்தே ஆசிரியருக்குப் போன் எடுத்தேன். மூலையில் இரண்டு வரி முடியாது, போன வாரம் வந்த அதே இடம், அதே அளவு, தலைப்பு 'அன்று எனக்குப் பேர் இல்லை' என்றேன். "மானம் போகுமேம்மா" என்றார். "போகட்டும் சார், அது எங்கே போகப்போகுது, பதுளையிலதான் சுத்தும்" என்றேன். சிரித்துவிட்டு, மறுநாள் ஆறு மணிக்கு முன்னால் அனுப்பச் சொன்னார். சத்தத்தை நிறுத்தியது, பருப்பு, போனில் சொன்ன பொய், கிளாக்கர் மகள் போர்வை மூடித் தூங்கியது எல்லாம் எழுதினேன். மழைக் காட்சியைக் கிழித்தும் எழுதினேன். பத்துக்கு ஏழு. கங்காணியின் குரலுக்கு ஒரு முழுப் பத்தி கொடுத்தேன்.

மானம் போகத்தான் செய்தது. "அக்கா, சத்தம் கேக்குதா?" என்று மாதக்கணக்கில் கேலி செய்தார்கள். நான் முன்பு கிழித்த சின்ன கேம்கள் ஐந்தாறை எடுத்து, சத்தத்தை வைத்து மறுபடி விளையாடினேன். இரண்டுக்கு அநியாயம் செய்திருந்தேன், திருத்தி எழுதினேன். மற்றவை அப்போதும் குப்பை, இப்போதும் குப்பை. அதையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் இரக்கப்பட்டே புள்ளி போடத் தொடங்கிவிடுவீர்கள். செய்தவர்களுக்கு அதுவும் ஒரு அவமானம்தான். நம் ஆட்கள் சின்ன கேம்களைக் கடுமையாக மதிப்பிடுகிறார்களா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். கடுமை நம் நாக்கில் இருப்பதல்ல பிரச்சினை. பெரியதற்கு இரண்டு நாள் காத்திருக்கிற நாம் சின்னதற்கு ஏழு நிமிஷம் நிற்க மாட்டேன் என்கிறோம்.

யோகேஸ்வரி அந்தச் சனிக்கிழமை போகவில்லை. மாமா லேப்டாப்பை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். நாலைந்து மாதம் கழித்து, "திருத்தின பதிப்பு போட்டிருக்கேங்க மேடம், சத்தம் வச்சுப் பாருங்க" என்று செய்தி அனுப்பியிருந்தாள். மழை இப்போது மழையாக இருந்தது. கங்காணி கூப்பிடுவது கீழே எழுத்திலும் வந்தது.

ஷாமினி, நீ திட்டிய கேமை இன்றைக்கு மறுபடி விளையாடு. சத்தத்தை வை, அடுப்பை அணை. அதற்குப் பிறகும் இரண்டு புள்ளிதான் என்றால் அந்தச் சுவர் வரியை அப்படியே விடு, நானே உன் பக்கம் நிற்கிறேன்.

அந்தத் திருத்திய பதிப்பில் இன்னொன்றும் இருந்தது, அவள் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெரட்டு முடிகிற நேரம், எல்லாப் பேரும் கூப்பிட்டு ஆனபிறகு, பனிக்குள்ளிருந்து கங்காணியின் குரல் இன்னொரு தரம் ஓங்கியது.

"கிளாக்கர் வூட்டுப் பத்மாவதீ... வந்தாச்சா?"

கேம் அப்படியே நின்றது. பதில் சொன்னால்தான் நகரும். திரையில் ஒரேயொரு பொத்தான், 'வந்துட்டேங்க' என்று. என் அப்பாவின் குவாட்டர்ஸ் போர்வையும், அதற்குக் கீழே தினமும் கேட்ட குரல்களும் ஞாபகம் வந்து, அதை அழுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அழுத்தினேன்.

"பத்மாவதி, ஏழாம் நம்பர் மல" என்றார் கங்காணி. "பேர் போட்டாச்சு."